புரட்டாசியில் மாமல்லபுரம்

சென்ற புரட்டாசியில் அஞ்செட்டியிலிருந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு பதினோரு பேர் மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி போய் வந்தோம். பெரும்பாலும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். புதுச்சேரி நான் பிறந்து வளர்ந்த ஊர் என்பதால், எந்த வழி, எங்கே சாப்பாடு என்பதையெல்லாம் என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். அந்தப் பொறுப்பில் நான் செய்த தவறுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நம் பக்கத்தில் புரட்டாசி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடும் வீடுகளில் மாதம் முழுவதும் கவுச்சி அடுப்பேறாது. மற்ற மாதங்களில் ஒகேனக்கல் போனால் மீன் வறுவல் இல்லாமல் திரும்பாதவர்கள்கூட இந்த மாதத்தில் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். வேனில் ஏழு பேர் விரதம். அவர்களில் மூத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா, எண்பதை நெருங்குபவர். மணமாகி வந்த ஆண்டு மாமியார் சொன்ன சொல்லை அறுபது வருடமாகக் காத்து வருபவர். எனக்கு விரதம் கிடையாது. மாமல்லபுரம் போய் மீன் சாப்பிடாமல் வருவதா என்ற ஆசை எனக்குள் இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை கிளம்பி, வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் பதினோரு மணி சுமாருக்குத் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டினோம். மலைமேல் கழுகுகளுக்குத் தினமும் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் வைத்த ஊர் அது. "இங்கேயே சாப்பிட்டுவிடலாமா?" என்று ஒருவர் கேட்டார். நான்தான் இன்னும் நேரமாகவில்லை என்றேன். கழுகே சைவம் சாப்பிட்ட ஊரை விட்டுவிட்டு, கடலை நோக்கி வண்டியை ஓட்டச் சொன்னேன்.

கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். வாசலில் பனிக்கட்டிமேல் வஞ்சிரமும் இறாலும் நண்டும் அடுக்கியிருந்தார்கள். உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலத்தில். சைவம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள். சோறும் ஒரு காய்கறிக் குழம்பும் வந்தன. அந்த அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார், அப்படியே கையை எடுத்துவிட்டார். தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மீன் முள். எந்தக் கரண்டி எந்தச் சட்டியில் போய் வந்ததோ!

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "மீன்தானேம்மா, கறியா என்ன? ஒதுக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க சார். எனக்குப் பசியில்ல" என்றார். எழுந்து கை கழுவிவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். என் தட்டில் இருந்த வறுவல் எனக்கு இறங்கவில்லை.

"மீன்தானே" என்ற அந்தச் சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று இரவு யோசித்தேன். நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் கத்தோலிக்க ஆசிரியர்களுக்கு வெள்ளிக்கிழமை 'மேக்ர்' நாள். மாமிசம் கூடாது, மீன் உண்ணலாம். அவர்கள் கணக்கில் மீன் மாமிசம் இல்லை. 1966இல் ரோமாபுரியிலிருந்து அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். ஆனால் சின்ன வயதில் காதில் விழுந்தது போகவில்லை. வங்காளத்திலும் அந்தணர் வீடுகளில் மீன் உண்டு. சைவம் என்பதன் எல்லை ஊருக்கு ஊர், கரைக்குக் கரை மாறுகிறது.

இந்தக் குழப்பம் காந்தியடிகளுக்கும் வந்திருக்கிறது. 1888 செப்டம்பரில் அவர் லண்டனுக்குக் கப்பலேறும்போது வயது பதினெட்டு. மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று பேசார்ஜி சுவாமி என்ற சமண முனிவர் முன்னிலையில் தாயாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். லண்டனில் அரைப் பட்டினியாகப் பல மைல் அலைந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்த கதை பலருக்கும் தெரியும். அங்கே அவர் படித்த நூல்களில் மாமிசத்துக்கு மூன்று விளக்கம் இருந்தது. விலங்கும் பறவையும் மட்டுமே மாமிசம், மீன் உண்ணலாம் என்பது ஒன்று. உயிருள்ள எதன் உடலும் மாமிசமே, முட்டை உண்ணலாம் என்பது இரண்டாவது. முட்டை, பால்வரை எல்லாமே விலக்கு என்பது மூன்றாவது. முதல் விளக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் பாடு எளிதாகியிருக்கும். அவரோ, வாக்கு வாங்கிய தாய் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் புரிந்துகொண்டாரோ அந்தப் பொருளே தன்னைக் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்து, சாப்பிடத் தொடங்கியிருந்த முட்டையையும் விட்டுவிட்டார்.

எங்கள் தெரு அம்மாவின் வழக்கும் இதுதான். மீன் மாமிசமா இல்லையா என்பதை என் பள்ளிக்கூடம் தீர்மானிக்க முடியாது. சொல் வாங்கிய மாமியார்தான் தீர்மானிக்க வேண்டும்.

'சத்திய சோதனை'யில் இன்னொரு சம்பவம் வருகிறது. இங்கிலாந்து போன முதல் ஆண்டில் காந்தி பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். விடுதியில் உணவுப் பட்டியல் முழுவதும் பிரெஞ்சில் இருந்தது. பெரிய விடுதிகளில் அப்போது அதுதான் நாகரிகம். அவருக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. எதில் என்ன கலந்திருக்கிறது என்று பரிமாறுபவரைக் கேட்கலாம் என்று எண்ணி, எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். அதே மேசையில் இருந்த ஒரு வயதான விதவை அவருடைய திகைப்பைக் கவனித்து, தானாகவே முன்வந்து, பட்டியலைப் படித்து, அவர் சாப்பிடக்கூடியவை எவை என்று விளக்கினார். அன்று தொடங்கிய நட்பு லண்டனிலும் தொடர்ந்தது. நான் அந்தப் பட்டியலைப் படித்திருப்பேன். ஆனால் அந்த அம்மையார் செய்ததை எங்கள் மேசையில் நான் செய்யவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. இங்கிலாந்தின் சைவ உணவுச் சங்கமே 1847 செப்டம்பர் 30ஆம் தேதி ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில்தான் தொடங்கப்பட்டது. ஆக, கடலுக்கும் சைவத்துக்கும் பகை ஒன்றும் இல்லை. கடலுக்கு யார், எதற்காக வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

நம் கடற்கரையிலும் அப்படித்தான். ராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி எல்லாம் மீனவர் ஊர்கள்தாம். இருந்தும் அங்கே சைவச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கும்பிட வந்த கூட்டம் அடுப்பை அப்படி அமைத்தது. ராமேசுவரம் போகும் வழியெல்லாம் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி கட்டியது. சமைத்த சோறு வேண்டாதவர்க்கு அரிசியும் மளிகைச் சாமானும் கொடுக்கும் வழக்கம் அந்தச் சத்திரங்களில் இருந்தது.

பிறகு வந்தவை உடுப்பிக்காரர்களின் ஓட்டல்கள். நம்மூர்க்காரர்கள் பெங்களூர் போனால் தேடிப் போகும் மாவள்ளி டிபன் ரூம் 1924இல் தொடங்கியது. சென்னையில் கே. கிருஷ்ண ராவின் உட்லண்ட்ஸ் 1930களின் இறுதியில் வந்தது. காசு கொடுத்தால் யாருக்கும் சைவச் சாப்பாடு என்ற நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர், மற்றவர் என்று தனித்தனி இடம் இருந்தது. பெரியார் போன்றவர்கள் போராடி 1941இல்தான் அது ஒழிந்தது. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 1957இல் மறியல் நடந்தது. நல்ல சாம்பாரின் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

மாமல்லபுரத்துக்கு வருகிறேன். அது ஒரே ஊருக்குள் இரண்டு ஊர். பேருந்து நிலையத்தை ஒட்டி 108 திவ்ய தேசங்களில் ஒன்றான தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. பெருமாளைச் சேவிக்க வருபவர்கள் சாப்பிடும் சைவ ஓட்டல்கள் அந்தப் பக்கம். கடலைப் பார்க்க வருபவர்களுக்கான மீன் கடைகள் கடற்கரைப் பக்கம். இரண்டுக்கும் நடை தூரம்தான். பெருமாளுக்காக விரதம் இருந்தவர்களை, பெருமாள் கோயிலைத் தாண்டி மீன் கடைக்கு அழைத்துப் போனவன் நான்.

புதுச்சேரியிலும் இப்படி ஒரு கோடு உண்டு. நடுவில் ஓடும் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. கிழக்கே கடற்கரையைப் பார்த்தபடி மீனும் இறாலும். மேற்கே நேரு வீதியைச் சுற்றிச் சைவ ஓட்டல்கள். நான் சிறுவனாக இருந்தபோது அந்த வீதிக்கு துய்ப்ளே பெயர். அன்று இரவு எல்லோரையும் மேற்கே அழைத்துப் போனேன். முதலில் நான் மட்டும் உள்ளே போய்ச் சமையல்காரரைப் பார்த்து, "இங்கே மீன் சமைப்பதுண்டா? முட்டை உண்டா?" என்று கேட்டேன். எதுவும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் வெளியே வந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

மூன்று இட்லி சாப்பிட்டார். "மத்தியானம் நான் பேசினது தப்பும்மா" என்றேன்.

"அது போகட்டும் சார். நீங்க மத்தியானம் சரியா சாப்பிடலியே, இன்னும் ரெண்டு இட்லி போடச் சொல்லுங்க" என்றார்.

என் திகைப்பை அவர் மத்தியானமே கவனித்திருக்கிறார். அடுத்த புரட்டாசியில் திருச்செந்தூர் போகலாம் என்று பேச்சு இருக்கிறது. இந்த முறை சாப்பாட்டுப் பொறுப்பை அந்த அம்மாவிடமே கொடுத்திருக்கிறோம்.