வெள்ளிக் கம்பி

1902ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் எட்வர்ட் மார்ட்டின் என்ற அறுவை மருத்துவர் தான் செய்த புதுவகை அறுவை சிகிச்சை ஒன்றைப் பற்றி எழுதினார். நோயாளி ஓர் ஆண். வெட்டை நோய் வந்து போனதில் அவருடைய விந்துப் பாதை அடைபட்டிருந்தது. விரையில் உயிரணுக்கள் உருவாயின, ஆனால் வெளியே வர வழியில்லை. அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும்படி, விந்துக் குழாயை விரையை ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்ற சுருள் பகுதியோடு மார்ட்டின் இணைத்தார். பிறகு அந்த ஆணின் விந்தில் உயிரணுக்கள் தென்பட்டன. ஆண் மலட்டுத்தன்மைக்கான அறுவை சிகிச்சையின் வரலாற்றைச் சொல்லும் மருத்துவ நூல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இணைப்பைத் தைக்க அவர் எடுத்தது மெல்லிய வெள்ளிக் கம்பி.

படித்துக்கொண்டு போனபோது இந்த இடத்தில் நின்றுவிட்டேன். வெள்ளிக் கம்பியை வேறொரு கதையில் ஏற்கெனவே படித்திருந்தேன்.

அந்தக் கதை அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி ஊரில் 1845க்கும் 1849க்கும் இடையே நடந்தது. ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் தன் வீட்டின் பின்புறம் இருந்த சிறிய மருத்துவமனையில் அடிமைப் பெண்கள் சிலரை வைத்திருந்தார். கடினமான பிரசவத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே கிழிந்து, சிறுநீர் ஓயாமல் கசிந்துகொண்டிருந்த பெண்கள் அவர்கள். சுமார் பன்னிரண்டு பேர் என்கிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் மூவர்: அனார்க்கா, பெட்சி, லூசி. அனார்க்கா வந்தபோது அவருக்கு வயது 17. மயக்க மருந்து இல்லாமல் அவருக்கு மட்டும் முப்பது முறை அறுவை நடந்தது. பட்டு நூலால் தைத்த தையலெல்லாம் சீழ்பிடித்துப் பிரிந்துகொண்டே இருந்தது. 1849இல் பட்டுக்குப் பதில் வெள்ளிக் கம்பியால் தைத்துப் பார்த்தார் சிம்ஸ். முப்பதாவது அறுவை அது. அனார்க்காவின் உடலில் ஓட்டை மூடியது.

உலோகக் கம்பியால் தைப்பதை அவருக்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் வெள்ளித் தையலின் புகழ் பரவியது சிம்ஸால்தான். 1857இல் நியூயார்க்கில் வெள்ளித் தையலின் பெருமையைப் பற்றியே தனியாக ஓர் உரை நிகழ்த்தினார். அந்த நூற்றாண்டின் அறுவை மருத்துவச் சாதனைகளில் அதற்கு ஈடில்லை என்பது அவர் எண்ணம். அந்தப் பெண்களின் சம்மதத்தை அவர் யாரிடம் கேட்டிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. அவர்கள் சட்டப்படி இன்னொருவரின் உடைமை. உடைமையாளர் தலையாட்டினால் போதுமானதாக இருந்தது. நியூயார்க் மத்தியப் பூங்காவின் ஓரத்தில் நின்ற சிம்ஸின் சிலையை 2018 ஏப்ரலில் அகற்றினார்கள்.

சிம்ஸுக்கு ஆண் மலட்டுத்தன்மையின் வரலாற்றிலும் இடம் உண்டு. 1866இல் அவர் எழுதிய நூல் ஒன்று, குழந்தையில்லாத தம்பதிகளில் ஆணின் உயிரணுக்களையும் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும் என்று வற்புறுத்தியது. இதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். லேவன்ஹூக் உயிரணுக்களைக் கண்டது 1677இல். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், உடலுறவு கொள்ள முடிந்த ஆண் மலடாக இருக்க முடியாது என்றே பல மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சிம்ஸ் உயிரணுவைத் தேடிய இடத்தைக் கவனியுங்கள். உடலுறவுக்குப் பின் மனைவியின் உடலிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார். சோதனைக்கு உட்பட்டது ஆணின் விந்து, மேசையில் படுத்தது பெண். இந்தச் சோதனை பின்னாளில் வேறொருவர் பெயரைத் தாங்கி இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நடந்தது. விந்தைக் கருப்பைக்குள் செலுத்தியும் சிம்ஸ் முயன்றார். ஆறு பெண்களுக்கு 55 முறை செலுத்தியதில் ஒருவர் கருவுற்றார், அதுவும் கலைந்துபோயிற்று. மாதத்தில் எந்த நாட்களில் கரு தங்கும் என்பதே அன்றைய மருத்துவத்துக்குத் தெரியாது.

தமிழில் ‘மலடி’ என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். ‘மலடன்’ அகராதியில் இருக்கிறான். தெருவில் அவனை நான் சந்தித்ததில்லை. அமெரிக்க மருத்துவர்களின் மொழியும் அன்று ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

அந்த மொழியை உடைக்கப் பார்த்தவர் எமில் நோகெராத். நியூயார்க்கில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர். திருமணம்வரை நலமாக இருந்த பெண்கள் அதற்குப் பின் தீராத வயிற்றுவலியோடும் குழந்தையில்லாமலும் வருவதைத் தொடர்ந்து பார்த்த அவர், கணவர்கள் குணமாகிவிட்டதாக நினைக்கும் பழைய வெட்டை நோய்தான் இதற்குக் காரணம் என்று 1872இல் எழுதினார். சக மருத்துவர்கள் கேலி செய்தார்கள். மரியாதைக்குரிய ஆண்களைப் பற்றி இப்படியா எழுதுவது? நோய்க் கிருமியை நைசர் கண்டறிந்தது ஏழு ஆண்டுகள் கழித்து, 1879இல்.

இனி மார்ட்டினின் ஊருக்கே திரும்பலாம். அவர் கத்தியை எடுப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பு, 1884இல், ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு தம்பதி வந்தனர். கணவர் பணக்கார வணிகர், வயது 41. மனைவிக்கு 31. பேராசிரியர் வில்லியம் பேன்கோஸ்ட் முதலில் மனைவியைத்தான் முழுக்கச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகே கணவரின் விந்தைப் பார்த்தார்கள். அதில் உயிரணுவே இல்லை. இளமையில் வெட்டை நோய் வந்திருந்தது. சில வாரங்கள் மருந்து கொடுத்தும் பயனில்லை. பிறகு இன்னொரு பரிசோதனை என்று சொல்லி அந்தப் பெண்ணை வரவழைத்துக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். ஆறு மாணவர்கள் சுற்றி நிற்க, அவர்களில் அழகானவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவரின் விந்தை ரப்பர் பீச்சாங்குழலால் அவருடைய கருப்பைக்குள் செலுத்தினார் பேன்கோஸ்ட். பெண்ணுக்கு எதுவும் தெரியாது. கணவருக்கும் முதலில் தெரியாது. அவர் கருவுற்ற பிறகு கணவரிடம் சொன்னார்கள். கணவர் மகிழ்ந்தார். மனைவிக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஆண் குழந்தை பிறந்தது. அறையில் இருந்தவர்கள் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1909இல், பேன்கோஸ்ட் இறந்து பல ஆண்டுகள் ஆன பின், அந்த மாணவர்களில் ஒருவரான அடிசன் டேவிஸ் ஹார்ட் ஒரு மருத்துவ இதழில் இதை எழுதினார். நமக்குக் கிடைப்பது அவர் சொன்ன கதை மட்டும்தான். இருபத்தைந்து வயதாகிவிட்ட அந்த மகனைச் சந்தித்துக் கைகுலுக்கியதாகவும் எழுதியிருக்கிறார். வாசகர்கள் சிலர் கொதித்தார்கள். மணவாழ்வின் புனிதம், விபச்சாரம், இறைவனின் சட்டம் என்று போயிற்று பேச்சு. இன்று படிக்கும் எனக்கு உறைப்பது வேறு. ஒரு பெண்ணுக்கு மயக்கம் கொடுத்து அவர் அறியாமல் கருத்தரிக்க வைத்ததற்கு நம் காலத்துச் சட்டத்தில் வேறு பெயர்.

இதோடு ஒப்பிட்டால் மார்ட்டின் செய்தது நேர்மையான வேலை. பழுது எங்கே இருந்ததோ அங்கே கத்தியை வைத்தார். பேன்கோஸ்டின் வணிகருக்கும் அதே நோயின் வடு, அநேகமாக அதே அடைப்பு. ஆனால் அந்த அறுவை எளிதாக வெற்றி பெறும் ஒன்றல்ல. ஒரு மில்லிமீட்டரைவிட மிகச் சிறிய குழாயை வெறும் கண்ணால் தைத்துவிட முடியாது. 1970களில் நுண்ணோக்கியின் கீழ் தைக்கத் தொடங்கிய பிறகே பலன் கூடியது. விரையில் புடைத்த நரம்புகளைக் கட்டிவிட்டு உயிரணுக்கள் திரும்புவதைக் காட்டிய எடின்பரோ மருத்துவர் டலக்கின் வேலை 1950களைச் சேர்ந்தது. சிறுவர்களிடமும் இந்த அறிவு போய்ச் சேர்ந்தது. விரை கீழே இறங்காமல் பிறக்கும் ஆண் குழந்தைக்கு முன்பெல்லாம் பல ஆண்டுகள் காத்திருந்து அறுவை செய்தார்கள். உடற்சூட்டில் கிடக்கும் விரையில் உயிரணுவுக்கு மூலமான செல்கள் சீக்கிரமே குறைகின்றன என்று தெரிந்த பின், ஒன்றரை வயதுக்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள். அந்த அறுவையை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அம்மாதான். மகனின் திருமணப் பேச்சில் அது வருவதில்லை.

1992இல் பிரஸ்ஸல்ஸில் பலெர்மோவும் அவருடைய குழுவினரும் ஒற்றை உயிரணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்திக் குழந்தைகள் பிறந்ததை அறிவித்தார்கள். இக்ஸி என்று இன்று எல்லா ஊர் விளம்பரப் பலகைகளிலும் இருப்பது இதுதான். விந்தில் உயிரணு இல்லாதவருக்கும், விரையிலிருந்து ஊசியாலோ சிறு கீறலாலோ எடுத்துவிட முடிகிறது. கணவருக்கு ஒரு நாள் வேலை. முட்டை வேண்டுமே! குறை ஏதும் இல்லாத மனைவி பத்து நாட்களுக்கு மேல் தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார். இரத்தம் கொடுக்கிறார், ஸ்கேனுக்குப் போகிறார். சூலகம் வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து சிலருக்கு வருகிறது. பிறகு மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தி முட்டைகளை எடுக்கிறார்கள். கரு தங்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சம்மதப் படிவத்தில் இன்று அவரே கையெழுத்துப் போடுகிறார். பேன்கோஸ்டின் அறையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஏன் இத்தனை ஊசி என்று உறவினர் கேட்டால், தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று அவர் சொல்லிவிடுவதும் நடக்கிறது.