சிறு கட்டமும் பெரும் போர்வையும்



பழைய புடவையைக் கொடுத்துப் புதிய பாத்திரம் வாங்கும் வழக்கம் நம் குடியிருப்பில் இன்றும் உண்டு. ஊரிலிருந்து வந்த நாள் முதலாகப் பெட்டியின் அடியில் கிடந்த சுங்கடிப் புடவை, ஒரு வாளிக்கோ வடிதட்டுக்கோ விலையாகிப் போய்விடுகின்றது. அது ஒரு தாய் தன் முதல் மகவைத் தூளியிலிட்டு ஆட்டிய புடவையாகவும் இருக்கலாம். அதில் ஓர் அரைச் சாண் துண்டேனும் வெட்டி வைத்துக் கொள்ளலாகாதா? வைத்துக்கொண்டு என் செய்வது என்று வினவுவார்க்கு வரலாறே விடை கூறும்.

ஒட்டுப் போட்ட துணி என்றதும் வறுமையின் அடையாளம் என்று முகஞ்சுளிப்பது நம்மிடையே இயல்பாகிவிட்டது. ஆயின் இந்நாட்டில் அது துறவின் பெருமைக்கும் அடையாளமாயிற்று. பௌத்தத் துறவியரின் சீவர ஆடை பிறந்த வரலாற்றை வினய பிடகத்தின் மகாவக்கம் உரைக்கின்றது. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பகுக்கப்பட்டு, வரிசை வரிசையாகக் கிடந்த அழகைக் கண்ட புத்தர் பெருமான், அவ்வமைப்பிலே ஆடை தைக்க இயலுமோ என்று ஆனந்தரை வினவினார். ஆனந்தரும் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, வயலும் வரப்பும் போல இணைத்துத் தைத்தளித்தார். கட்டங்கட்டமாகத் துணி இணைக்கும் கலைக்கு நம் நாட்டில் இத்துணைப் பழமை உண்டு.

ஒட்டுத் துணியை வடமொழியாளர் 'கந்தா' என்றனர். அச்சொல்லே தமிழிற் 'கந்தை' ஆயிற்று. வங்காளத்தில் 'காந்தா' என்னும் பெயரால் உலகப் புகழ் பெற்றது. நாம் வந்து குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணிலோ, பழம் புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலால் இணைத்த 'கோதடி' இல்லாத பழைய இல்லம் அரிது. அண்டை வீட்டு ஆயியின் கோதடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தவர், கந்தையை இகழ ஒருப்படார்.

இனிக் கடல் கடந்து செல்வோம். பதினேழாம் நூற்றாண்டில் இந்தியச் சீட்டித் துணிகள் ஐரோப்பியரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. அவற்றை அனுப்பிய நிலப்பகுதிகளுள் நம் சோழமண்டலக் கரை தலைசிறந்தது. துவைத்தாலும் வெளுக்காத அச்சாயத்தின் முன் தம் துணி விலைபோகாது என்று அஞ்சிய இங்கிலாந்து நாட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். 1700-இலும் 1721-இலும் அந்நாட்டுப் பாராளுமன்றம் தடைச் சட்டங்கள் இயற்றிற்று; 1774-இலேதான் தடை நீங்கியது. அத்துணை அருமை வாய்ந்த துணியின் சிறு துண்டும் போற்றப்பட்டது. இங்கிலாந்தின் வடபகுதியில் லெவன்ஸ் மாளிகையில் உள்ள ஒட்டுப் போர்வை, ஏறத்தாழ 1708-இல் இந்தியச் சீட்டித் துண்டுகளை இணைத்துத் தைக்கப்பட்டது. அந்நாட்டில் எஞ்சியுள்ள ஒட்டுப் போர்வைகளுள் மிகப் பழையது அதுவே என்பர். நம் நாட்டுச் சாயக்காரனின் கைவண்ணம், பெண்டிரின் ஊசியால் அங்கே வாழ்கின்றது.

இக்கலை அமெரிக்காவிற் புதியதொரு வடிவம் கொண்டது. பெரிய துணியை விரித்து வைத்துத் தைக்க இடமும் வேண்டும், ஓய்வும் வேண்டும். உழவுக் குடும்பத்துப் பெண்டிர்க்கு அவை ஏது? ஆகவே மடியில் வைத்துத் தைக்கத்தக்க சிறு கட்டங்களாக வேலையைப் பகுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முறை எங்கும் பரவிற்று. புதிய கோலம் ஒன்றைக் கண்டால், நம் பெண்டிர் கோல நோட்டில் வரைந்து கொள்வதுபோல, அவர்கள் ஒரு மாதிரிக் கட்டம் தைத்து வைத்துக்கொண்டனர். பல்வேறு மாதிரிகளை ஒன்றாய் இணைத்தால் அதுவே மாதிரிப் போர்வை. பிற்காலத்தில் செய்தித்தாள்களும் இக்கோலங்களை வெளியிட்டன. கான்சாஸ் சிட்டி ஸ்டார் என்னும் தாள் 1928 முதல் 1961 வரை இப்பணியைச் செய்தது.

மாதிரிப் போர்வைகளுள் ஈடு இணையற்றது ஒன்றுண்டு. வெர்மாண்ட் மாநிலத்தில் வாழ்ந்த ஜேன் ஸ்டிக்கிள் என்னும் அம்மையார் அதனை உருவாக்கினார். நாட்டையே இரண்டாக்கிய உள்நாட்டுப் போர் (1861-1865) நடந்த காலம் அது. அப்போர்வையின் நடுவே பக்கத்திற்கு 13 வீதம் 169 சதுரக் கட்டங்கள், சுற்றிலும் 52 முக்கோணங்கள், மூலைகள் நான்கு, ஆக 225. சதுரம் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமே, அஃதாவது நம் கணக்கில் அரைச் சாண். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒரு மூலையில் அவ்வம்மையார் பொறித்து வைத்த குறிப்பு இவ்வளவே: போர்க்காலத்தில், 1863, துண்டுகள் 5602, ஜேன் ஏ. ஸ்டிக்கிள்.

இக்குறிப்பு மட்டும் இல்லாதிருப்பின், அவரும் பெயர் மறைந்து போயிருப்பார். இன்று பென்னிங்டன் அருங்காட்சியகம் அப்போர்வையை ஒளிபட்டு நைந்து விடாதவாறு பேணி, ஆண்டுதோறும் சில வாரங்கள் மட்டுமே காட்சிக்கு வைக்கின்றது. 1996-இல் பிரெண்டா பாபடாகிஸ் என்பார் அதன் கோலங்களை வரைந்து 'டியர் ஜேன்' என்னும் நூலாக்கினார். அதன்பின் பல நாட்டுப் பெண்டிரும் அச்சிறு கட்டங்களைத் தைக்கலாயினர்.

5602 துண்டுகள் என்றதும் மலைக்க வேண்டா. அவ்வம்மையாரும் முதற் கட்டத்திலிருந்துதான் தொடங்கியிருப்பார். ஊசி பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யத்தக்கது ஒன்பது கட்டக் கோலம். நன்கு துவைத்துச் சாயம் போகாத பருத்திப் புடவைகள் இரண்டினை எடுத்துக்கொள்க. இரண்டு அங்குலச் சதுரங்களாக அழுத்த நிறத்தில் ஐந்தும், வெளிர் நிறத்தில் நான்கும் வெட்டுக. கால் அங்குலம் உள்ளே விட்டு, நிறம் மாறி மாறி வருமாறு மும்மூன்றாக இணைத்து மூன்று வரிசை தைக்க. தையலை இஸ்திரியிட்டுப் படிய வைத்தபின், மூன்று வரிசைகளையும் சேர்த்துத் தைக்க. ஐந்து அங்குலக் கட்டம் ஒன்று கிடைக்கும். அண்டைக் கட்டங்களோடு இணையும்போது அது ஜேன் அம்மையாரின் நாலரை அங்குலக் கட்டமேயாகும். மூலைகள் சற்றே விலகினும் கவலற்க. அடுத்த கட்டத்திற் சேர்ந்துவிடும். வாரத்திற்கு ஒன்றாகத் தைத்தாலும், 16 வாரத்தில் 18 அங்குலச் சதுரமொன்று உருவாகும். ஒரு திண்டு உறைக்கு அது போதும். மேலும் தைக்க மனம் எழுந்தால், அதுவே போர்வைக்குக் கால்கோள்.

சகோதரிகளே! மொழி வேறு, மண் வேறு ஆகிய இடத்தில் வந்து வாழும் நாமும் ஒருவகையில் துண்டு துண்டாக வந்து இணைந்தவர்களே. தஞ்சையும் நெல்லையும் மதுரையும் கோவையும் இக்குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளாயின. வீட்டுக்கு ஒரு கட்டம், பாட்டியின் புடவையிலோ அன்னையின் புடவையிலோ தைத்து, அடுத்த ஆண்டு விழாவிற்குக் கொணருங்கள். யாவற்றையும் இணைத்துச் சங்க மண்டபத்தில் ஒரு போர்வையாகத் தொங்கவிடுவோம். ஆயின் ஒன்று மறவற்க: ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் புடவைக்கு உரியவரின் பெயரையும், ஊரையும், ஆண்டையும் நூலால் எழுதிவிடுங்கள். பின்வரும் நம் பேரப்பிள்ளைகள் அவற்றைத் தமிழிலேயே படிக்கட்டும்.