கிட் ஏன் ஃபைல் தேதியை வச்சுக்கிறதில்லை?

கிட்ல ஒரு ரெப்போவை குளோன் பண்ணிப் பாருங்க. பத்து வருஷமா யாரும் தொடாத ஃபைல்கூட இன்னைக்கு மாறின மாதிரி தேதி காட்டும். இது பிழை இல்ல, தெரிஞ்சே எடுத்த முடிவு. காரணம் புரியணும்னா 1976-க்குப் போகணும்.

அந்த வருஷம் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அதோட விதி எளிமையானது: கம்பைல் ஆன ஃபைலைவிட சோர்ஸ் ஃபைலின் நேரம் புதுசா இருந்தா மட்டும் திரும்பக் கம்பைல் பண்ணு.

இப்போ நீங்க பழைய பிராஞ்சுக்கு மாறுறீங்கன்னு வைங்க. ஃபைலுக்கு அதோட பழைய கமிட் தேதியையே போட்டா? உள்ளே கோடு வேற, ஆனா தேதி பழசு. மேக் 'எதுவும் மாறலை'ன்னு நம்பிடும். நீங்க டெஸ்ட் பண்ணுறது வேற பிராஞ்சோட புரோகிராமா இருக்கும்!

அதனாலதான் 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட், கமிட்டுக்கு மட்டும் தேதி வைக்குது. பிராஞ்ச் மாறும்போது, மாறுற ஃபைல்களுக்கு அந்த நிமிஷத்து நேரம் விழும்.

இதுக்கு விலையும் உண்டு. பில்டு சர்வர் புதுசா குளோன் பண்ணா, கம்பைல் ஆனதைச் சேமிச்சு வச்சிருந்தாலும், மேக் எல்லாத்தையும் முதல்லேர்ந்து கட்டும். நேரம் போகும்தான். ஆனா தப்பான பில்டைத் தேடி ராத்திரி முழுக்க முழிக்க வேண்டாம்.