வகுப்பறைக்குள் புகுந்த ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் வழக்கு. ஆனால் வகுப்பறைக்குள் புகுந்த ஓர் ஆமை, ‘பிழை’ என்ற சொல்லின் பொருளையே மாற்ற முயன்ற கதை ஒன்று உண்டு. சிறுவர்க்கு ரோபாட்டிக்ஸ் கற்பிப்பது பற்றிப் பேசுங்கால் அதை நினைவுகூர்தல் தகும்.

இந்த ஆமையின் பூர்வீகம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். அங்கே நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்ட்டர் 1948-49இல் எல்மர், எல்சி என்ற இரு சிறு இயந்திரங்களைச் செய்தார். ஓடு போர்த்திய உடல், மந்த நடை. ஒளியை நாடிச் செல்லும், முட்டினால் விலகும். ஆனால் அவை ஆய்வாளரின் ஆமைகள். குழந்தைகளின் ஆமை பிறக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

1967இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேமர் பேப்பர்ட், வாலி ஃபர்செய்க், சிந்தியா சாலமன் முதலியோர் சிறுவர்க்கென ‘லோகோ’ என்ற கணினிமொழியை உருவாக்கினர். ‘சொல்’ எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்த பெயர் அது. எண்களோடு மட்டுமன்றிச் சொற்களோடும் விளையாட இடந்தந்த மொழி. கணினியைக் கொண்டு வாக்கியம் அமைக்க முயன்ற பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சொற்களைப் பெயர் என்றும் வினை என்றும் பிரித்துக் கொடுக்க நேர்ந்தபோதுதான் இலக்கணம் எதற்கென்று உணர்ந்தாள் எனப் பேப்பர்ட் எழுதுகிறார். இலக்கணம் கற்பிக்கும் நம்மைச் சற்று நாணச் செய்யும் செய்தி இது.

பின்னர் எம்.ஐ.டி.யில் ஆமை வந்தது. சக்கரங்கள் மீது ஒரு கவிகை, நடுவே ஒரு பேனா, கணினியோடு பிணைத்த வடம். ‘முன்னே 100, வலம் 90’ என நான்கு முறை ஆணையிட்டால் தரையில் சதுரம் விரியும். சமபக்க முக்கோணம் வரைய எண்ணும் குழந்தை, பாடத்தில் படித்த 60 பாகையைத் தரும், முக்கோணம் வாராது. குழந்தை தானே எழுந்து அப்பாதையில் நடந்து பார்க்கும். திரும்ப வேண்டியது உட்கோணம் அன்று, வெளிக்கோணமான 120 எனத் தெளியும். சிவப்பு மையால் சுழித்து மூடப்படும் தவறு, இங்கே ஆராயத்தக்க பொருளாகிவிடுகிறது. ஜெனீவாவில் பியாஜேயிடம் 1958 முதல் 1963 வரை பணியாற்றிய பேப்பர்ட்டின் கொள்கை இதுவே: அறிவை எவரும் ஊட்ட இயலாது, குழந்தை தானே கட்டிக்கொள்ள வேண்டும்.

1970களின் நடுவில் ரேடியா பெர்ல்மன், எழுத்தறியாத மழலையரும் பொத்தான்களை அழுத்தி ஆமையை ஏவ வழிசெய்தார். 1998இல் லெகோ நிறுவனம் வெளியிட்ட ரோபாட் தொகுப்பு, பேப்பர்ட்டின் 1980ஆம் ஆண்டு நூலான ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்பதன் பெயரையே தாங்கியது. 2022 இறுதியோடு அத்தொகுப்பு நிறுத்தப்பட்டது.

மறுப்பும் எழாமல் இல்லை. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் குர்லாண்ட் இருவரும் 1984 வாக்கில் ஆராய்ந்தபோது, லோகோ கற்ற சிறுவர் பிற செயல்களைத் திட்டமிடுவதில் மற்றவரை விஞ்சியதாகத் தெரியவில்லை. கருவி மட்டும் சிந்தனையைத் தந்துவிடாது என்பதே இதன் பாடம் எனக் கொள்ளலாம்.

படிவரிசை பார்த்துப் பூட்டினால் முதல் முயற்சியிலேயே ஓடும் ரோபாட் பெற்றோரை மகிழ்விக்கும். பேப்பர்ட்டின் ஆமையோ முதலில் தவறாகவே ஓடியது. அது ஏன் தவறியது என்று குழந்தை தேடும் அந்தக் கால் மணி நேரத்தைப் பொறுத்திருக்க நாம் ஆயத்தமா என்பதே கேள்வி.