நிலக்கரி ஏறிய நேரம்: கொழும்பு உலாப் பயணங்களின் சமூக அடிப்படை

கொழும்பைச் சுற்றிய ஒருநாள் உலாப் பயணங்களை, இயற்கையழகு பிறநாட்டவரை ஈர்த்த கதையாகவே பலரும் எழுதியுள்ளனர். ஆனால், அப்பயணங்களின் தோற்றத்தை நோக்குமிடத்து, அழகுக்கு முன்னர் நிலக்கரியைப் பற்றியே பேசவேண்டியுள்ளது.

1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875 இல் தொடங்கப்பட்ட கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885 இல் நிறைவுற்றது. அதுவரை காலித் துறைமுகம் வகித்துவந்த இடம் கொழும்புக்குரியதாயிற்று. அவுஸ்திரேலியாவுக்கும் தூரகிழக்குக்கும் சென்ற நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்காக இங்கே தரித்தன. பயணிகளுக்குக் கிடைத்த 'கரைநேரம்' இத்தரிப்பின் விளைவே.

அந்நேரத்துள் காணத்தக்கவை எவை என்பதை வழிகாட்டி நூல்கள் வகுத்தன. காலிமுகத்திடல், கறுவாத்தோட்டம், நூதனசாலை, களனி விகாரை, கல்கிசை என அப்பட்டியல் அமைந்தது. அவகாசம் மிகுந்தோர் கண்டிக்கும் சென்று மீண்டனர். இக்காட்சிகள் தாமும் குடியேற்றப் பொருளாதாரத்தோடு பிணைந்தவை. கறுவாத்தோட்டம் ஒல்லாந்தர் காலக் கறுவாச் செய்கையின் எச்சம். 1867 இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை பெருந்தோட்டக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொணர இடப்பட்டது. காலிமுகத்திடலின் உலாச்சாலையைத் தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கினார். 1859 இல் அது நிறைவெய்தியது. அதன் நினைவுக்கல் நகரின் சீமாட்டிகளையும் சிறுவரையும் குறிப்பிடுகின்றது. மண் சுமந்தோரைக் குறிப்பிடவில்லை.

பயணிகள் உலாவிய அதே வேளையில், பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் நிலக்கரி மூட்டைகளைத் தோளிற் சுமந்து கப்பலேற்றினர். ஒரு வர்க்கத்தின் ஓய்வு நேரம், உழைக்கும் மக்களின் வாழ்நாளை உழைப்பு நேரமாக மாற்றுவதாலேயே பெறப்படுகின்றது என்று 'மூலதனம்' முதற்பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். கொழும்பில் இவ்வுறவு கண்கூடானது. பயணியின் ஓய்வும் தொழிலாளியின் சுமையும் ஒரே கடிகாரத்தால் அளக்கப்பட்டன.

இவ்விடத்தில் நமது உலா இலக்கியத்தோடு ஓர் ஒப்பீடு பொருந்தும். உலாவில் தலைவன் வீதியிற் பவனி வர, ஏழு பருவ மகளிரும் அவனைக் காண்கின்றனர். அது ஆளும் வர்க்கப் புகழ்ச்சியே எனினும், வீதியில் நிற்போருக்குப் பார்வையும் பேச்சும் உண்டு. வழிகாட்டி நூல்களிலோ பார்வை உலாவருவோனுக்கு மட்டுமே உரியது. ரிக்‌ஷா இழுப்பவனும் காட்சிப் பொருள்களுள் ஒன்றாகின்றான். பெயரின்றி, பேச்சின்றி வண்டியை இழுக்கின்றான்.

அவர்களது பேச்சு வேறோர் இடத்தில் ஒலித்தது. 1927 இல், ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் இயங்கிய தொழிற்சங்க இயக்கத்தின் காலத்தில், கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சுமப்போர் கைவிட்டால் கப்பல் நகராது என்பது அப்போது புலனாயிற்று.

எனவே, பயண நூல்களை ஆராய்வோர் அவற்றைத் தொழிலாளர் வரலாற்றோடு இணைத்தே வாசித்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், நாமும் கப்பலின் மேற்தளத்தில் நின்றே நமது நகரைப் பார்த்தவர்களாவோம்.