சாவிக்கு விலை பதவி: ‘தி அபார்ட்மென்ட்’ திரைப்படத்தில் அலுவலகமும் அந்தரங்கமும்

முன்னுரை

பில்லி வைல்டர் இயக்கத்தில் 1960-இல் வெளிவந்த ‘தி அபார்ட்மென்ட்’ சிறந்த படம், இயக்கம், மூலத் திரைக்கதை, கலை இயக்கம், படத்தொகுப்பு ஆகியவற்றுக்காக ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. ஹாலிவுட்டின் காதல் நகைச்சுவைப் படங்களுள் ஒன்றாக இதை வைத்து, கோழையான குமாஸ்தா ஒருவன் காதலால் துணிவு பெற்ற கதை என்று சுருக்கிச் சொல்வது வழக்கமாக உள்ளது. இந்த வாசிப்பு படத்தின் கூர்மையை மழுங்கச் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். நாயகன் பாக்ஸ்டர் காதல்வயப்பட்ட பிறகும் மேலதிகாரிக்குத் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். சாவியால் கிடைத்த ஆதாயத்தைத் துறக்கும்போதுதான் அவன் மாறுகிறான். ஆகவே இப்படத்தின் மையக் கேள்வி காதல் கைகூடுமா என்பதன்று. ஒரு மனிதனின் வாழ்வுக்குள் அலுவலகம் எதுவரை நுழையலாம், அந்த எல்லையை யார், எதைக் கொடுத்து வரைவது என்பதே.

எண்ணாக நிற்கும் மனிதன்

படம் புள்ளிவிவரத்துடன் தொடங்குகிறது. நியூயார்க் நகரின் மக்கள்தொகையைச் சொல்லும் பாக்ஸ்டர், அடுத்து, தான் பணிபுரியும் ‘கன்சாலிடேட்டட் லைஃப்’ காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகப் பணியாளர் தொகை 31,259 என்கிறான். பிறகு தன் தளம் 19, மேசை எண் 861, வாரச் சம்பளம் 94.70 டாலர் என வரிசையாக அடுக்குகிறான். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மின்தூக்கிகளில் நெரிசல்படாதிருக்க, தளத்துக்குத் தளம் வேலை முடியும் நேரம்கூட மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. தன்னைப் பற்றிச் சொல்ல அவனிடம் நிறுவனம் கொடுத்த எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதைக் கண்ணுக்குப் புலனாக்கியது கலை இயக்குநர் அலெக்சாந்தர் த்ரோனரின் அரங்க அமைப்பு. பின்னால் செல்லச் செல்ல மேசைகளின் அளவைக் குறைத்து, அவற்றுக்கு ஏற்ப உயரம் குறைந்தவர்களை அமர்த்தி, முடிவே இல்லாத கூடம் போன்ற தோற்றத்தை அவர் உருவாக்கினார். ஜோசப் லாஷெல்லின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு, அகன்ற திரையில் கூரை விளக்குகளின் வரிசையையும் மேசைகளின் வரிசையையும் ஒரே புள்ளியில் குவிக்கிறது. கிங் விடார் 1928-இல் இயக்கிய ‘தி கிரவுட்’ படத்தின் அலுவலகக் காட்சி இதற்கு முன்னோடி. ஆனால் வைல்டர் அங்கே நின்றுவிடவில்லை. இந்த வரிசையை விட்டு மேலே ஏறுவதற்கு ஒருவன் எதை விற்பான் என்று அவர் கேட்கிறார்.

வீடு அலுவலகத்தின் கிளையாதல்

டேவிட் லீனின் ‘பிரீஃப் என்கவுண்டர்’ (1945) படத்தில் காதலர் இருவர் சந்திக்க ஒரு நண்பரின் வீடு பயன்படுகிறது. அவர்கள் சென்ற பின் அந்த வீட்டுக்குத் திரும்புபவனின் நிலை என்ன என்ற எண்ணமே தன் கதைக்கு வித்திட்டதாக வைல்டர் பிற்காலத்தில் கூறியுள்ளார். லீன் படத்தில் நட்பினால் கிடைத்த இடம், வைல்டரும் ஐ.ஏ.எல். டயமண்டும் எழுதிய திரைக்கதையில் பண்டமாகிவிடுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அலுவலக நடைமுறைகள் அனைத்தும் உண்டு. மேலாளர்கள் நால்வர் தங்கள் மறைவான உறவுகளுக்காக முறைவைத்து பாக்ஸ்டரின் வீட்டைப் பயன்படுத்துகிறார்கள். பதிலுக்கு அவனைப் பற்றி நல்ல பரிந்துரை எழுதுகிறார்கள். இரவில் பூங்கா இருக்கையில் கிடந்து சளி பிடித்த பாக்ஸ்டர், மறுநாள் மேசையில் அமர்ந்தபடி ஒவ்வொருவருக்கும் தொலைபேசி செய்து நாள் மாற்றித் தருகிறான். நாட்காட்டி, தொலைபேசி, உள்தொடர்பு எண் என்று அலுவலகக் கருவிகள் யாவும் அவனுடைய படுக்கையறையை நிர்வகிக்கின்றன. பணியாளர் துறை இயக்குநர் ஷெல்ட்ரேக்குக்கு இந்த ஏற்பாடு தெரியவரும்போது, ஒழுங்குமீறல் என்று அவர் நடவடிக்கை எடுக்கவில்லை. தானும் ஒரு பங்கு கேட்கிறார். பாக்ஸ்டருக்குப் பதவி உயர்வோடு தனியறை கிடைக்கிறது. அதாவது, சொந்த வீட்டுக்குள் நுழையும் உரிமையை இழந்த அளவுக்கு அவனுக்கு அலுவலகத்தில் இடம் கூடுகிறது.

பாக்ஸ்டரை வெறும் பலியாளாகக் காண இயலாது என்பதற்கு இதுவே சான்று. அவனுக்கு இழப்பு உண்டு, ஆதாயமும் உண்டு. ஆதாயம் கையில் இருக்கும்வரை இழப்பை அவன் பொறுத்துக்கொள்கிறான்.

விலை கொடுப்பவர்கள்

இந்த ஏற்பாட்டின் உண்மையான விலையைக் கொடுப்பவர்கள் பெண்கள். பாக்ஸ்டரின் வீட்டில் யாரோ விட்டுச்சென்ற, கண்ணாடி உடைந்த ஒப்பனைப் பெட்டியை அவன் ஷெல்ட்ரேக்கிடம் ஒப்படைக்கிறான். கிறிஸ்துமஸ் விருந்தன்று, புதிய பவுலர் தொப்பியை அவன் அணிந்து பார்க்க, மின்தூக்கி இயக்குபவளும் அவன் விரும்புபவளுமான ஃபிரான் அதே கண்ணாடியை நீட்டுகிறாள். ஷெல்ட்ரேக்கின் இரகசியக் காதலி அவள்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பதவி உயர்வின் அடையாளமான தொப்பியும் அவ்வுயர்வுக்கு விலையாகிப்போன பெண்ணும் ஒரே சட்டகத்துக்குள் வருகின்றனர். பாக்ஸ்டர் தன் முகத்தை இரண்டாகப் பிளந்து காண்கிறான். உரையாடலால் சொல்லியிருந்தால் அறிவுரையாகிவிடக்கூடிய ஒன்றை வைல்டர் ஒரு பொருளைக் கொண்டு நிறுவிவிடுகிறார்.

அன்றிரவே ஷெல்ட்ரேக், கடைக்குப் போய்ப் பரிசு வாங்குவது தனக்குச் சங்கடம் என்று நூறு டாலர் தாளை ஃபிரானின் கையில் தருகிறார். அந்தத் தாள் உறவைக் கூலியாக்கிவிடுகிறது. அவள் பாக்ஸ்டரின் வீட்டிலேயே தூக்க மாத்திரைகளை விழுங்குகிறாள். பக்கத்து வீட்டு மருத்துவர் டிரைஃபஸ் காப்பாற்றுகிறார். பாக்ஸ்டர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். இது அன்பினால் செய்த செயல்தான். எனினும் மேலதிகாரியைக் காக்கும் ஊழியமாகவும் இது அமைந்துவிடுகிறது. விளைவாக அவனுக்கு மற்றுமொரு பதவி உயர்வு கிடைக்கிறது. அவன் அதை ஏற்கவும் செய்கிறான். காதல் மட்டுமே மனிதனைத் திருத்திவிடும் என்ற வாசிப்பு இவ்விடத்தில் உடைகிறது.

ஷெல்ட்ரேக்கின் செயலாளர் மிஸ் ஓல்சன் பாத்திரத்தைத் திறனாய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. ஃபிரானுக்கு முன் அதே வலையில் சிக்கியவள் அவள். அந்த உண்மையை ஃபிரானிடம் சொன்னதற்காக வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். போகுமுன் ஷெல்ட்ரேக்கின் மனைவிக்குத் தொலைபேசி செய்கிறாள். மறைவையே மூலதனமாகக் கொண்ட அந்த ஏற்பாட்டை முதலில் உடைப்பவள் அவளே. பாக்ஸ்டரின் துணிவு அவளுக்குப் பின்னால்தான் வருகிறது.

மறுப்பும் அதன் எல்லையும்

புத்தாண்டு முன்னிரவுக்காக ஷெல்ட்ரேக் மீண்டும் சாவி கேட்கும்போது, பாக்ஸ்டர் அதிகாரிகளின் கழிப்பறைச் சாவியை எடுத்து வைக்கிறான். மேல்தளச் சலுகையைத் திருப்பிக் கொடுப்பதன் மூலமே அவன் தன் வீட்டை மீட்கிறான். மனிதனாக இருக்கப் பழகு என்று மருத்துவர் முன்பு கூறிய அறிவுரைக்கு இங்கேதான் செயல்வடிவம் கிடைக்கிறது. ஃபிரான் அருகில் இல்லை. அவள் தனக்குக் கிடைப்பாள் என்ற நம்பிக்கையும் அவனுக்கு இல்லை. அதனால்தான் இந்த மறுப்புக்கு அறத்தின் எடை கிடைக்கிறது.

முடிவு வழக்கமான இனிய முடிவுதானே என்று சிலர் கேட்கலாம். ஃபிரான் அவனைத் தேடி வந்ததும் அவன் காதலைச் சொல்ல, அவள் சீட்டுக்கட்டை நீட்டி, முன்பு பாதியில் நின்ற ஆட்டத்தைத் தொடரச் சொல்கிறாள். முத்தமில்லை, வாக்குறுதியில்லை, அவனுக்கு வேலையும் இல்லை. ஷெல்ட்ரேக்கோ பதவியில் நீடிக்கிறார். தனிமனிதன் வெளியேறலாம் என்று காட்டும் படம், நிறுவனம் திருந்தும் என்று பொய் சொல்லவில்லை.

முடிவுரை

பணியிடத்தில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம் 1964-இல்தான் வந்தது. பாலியல் தொல்லையும் அத்தகைய பாகுபாடே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது 1986-இல். சட்டம் இன்னும் காணாதிருந்த ஒன்றை ‘தி அபார்ட்மென்ட்’ அதன் உள்ளியக்கத்தோடு பதிவுசெய்தது: மேலதிகாரியின் அத்துமீறல் அவரது தீய குணத்தால் மட்டும் நிலைப்பதில்லை, பரிந்துரைக்கும் பதவிக்கும் ஆசைப்பட்டு இடம் கொடுக்கும் நல்லவர்களாலும் நிலைக்கிறது. ஆகவே இப்படத்தைக் காதல் கதையாக மட்டும் போற்றுவது பாக்ஸ்டரை எளிதில் மன்னித்துவிடுவதாகும். உடந்தையாக இருந்தவன் தன் ஆதாயத்தைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்புக்குத் தகுதி பெறுவதில்லை என்பதே இப்படம் முன்வைக்கும் அறம்.