பேட்டனோடின் இரண்டாவது கோல்

கால்பந்தாட்டத்தில் பந்து வலைக்குள் சென்றால் கோல். அதை அடித்தவர் யார் என்னும் வினாவோ சில வேளைகளில் ஆட்டம் முடிந்த பின்னும் முடிவதில்லை. எழுபத்தாறு ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பான வழக்கு ஒன்றை இங்கே பதிகிறோம்.

1930 ஜூலை 17, உருகுவேயின் தலைநகரான மான்டிவிடியோ. முதலாவது உலகக் கோப்பைக்கெனக் கட்டப்பட்ட சென்டெனாரியோ அரங்கம் மறுநாள்தான் திறக்கப்படவிருந்தது. ஆகவே அமெரிக்காவும் பராகுவேயும் மோதிய ஆட்டம் பார்க்கே சென்ட்ரால் மைதானத்தில் நடைபெற்றது. அமெரிக்கா 3-0 என வென்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவர் நகரில் பிறந்த பெர்ட் பேட்டனோட், அப்போது இருபது வயது இளைஞர், முதல் கோலையும் மூன்றாவது கோலையும் அடித்தார். சிக்கலெல்லாம் 15ஆம் நிமிடத்தில் விழுந்த இரண்டாவது கோலில்தான்.

சில குறிப்புகள் அதனை அணித்தலைவர் டாம் ஃப்ளோரியின் கணக்கில் எழுதின. வேறு சில, பராகுவே வீரர் கோன்சாலஸ் தம் வலைக்குள்ளேயே செலுத்திவிட்டார் என்றன. நம் ஊர் மைதானங்களில் 'சேம் சைடு கோல்' என்று எள்ளி நகைப்பார்களே, அது. இன்னும் சில பேட்டனோடின் பெயரைக் கூறின.

இக்குழப்பம் வியப்புக்குரியதன்று. சட்டையின் முதுகில் எண்கள் இல்லாத காலம் அது. தொலைக்காட்சி இல்லை, மீண்டும் ஓட்டிப் பார்க்க வழியுமில்லை. கண்டவர் எழுதியதே சான்று. சுவடிகளில் பாடவேறுபாடு பார்த்துப் பழகியவர்களுக்கு இந்நிலை புரியும்.

யார் அடித்தால் என்ன, வென்றது அமெரிக்காதானே என்று கேட்கலாம். அந்த ஒரு கோல் பேட்டனோடுடையதானால் அவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவராகிறார். உலகக் கோப்பை வரலாற்றின் முதல் 'ஹாட்ரிக்' அவருடையதாகிறது. இல்லையேல் அப்பெருமை இரண்டு நாள் கழித்து, ஜூலை 19 அன்று, மெக்சிகோவுக்கு எதிராக மூன்று கோல் அடித்த அர்ஜென்டினாவின் கியர்மோ ஸ்டாபிலேக்கு உரியது. அணித்தலைவர் ஃபெரெய்ரா தேர்வெழுதச் சென்றமையால் அணியில் இடம் பெற்றவர் ஸ்டாபிலே என்பர். அத்தொடரில் அவர் மொத்தம் 8 கோல்கள் அடித்தார். நூல்கள் நெடுங்காலம் அவரையே முதல்வரென எழுதின.

ஸ்டாபிலே 1966இல் மறைந்தார். பேட்டனோட் 1974 நவம்பர் 4 அன்று, தம் 65ஆவது பிறந்தநாளில், காலமானார். ஃபிஃபா அந்த இரண்டாவது கோலை அவருடையதென ஏற்றது 2006 நவம்பரில். அதே மாதத்தில் 1934ஆம் ஆண்டுக் கணக்கும் திருத்தப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் நெயெட்லிக்கு நான்கிலிருந்து ஐந்தாக ஒரு கோல் கூடியது. இருவரோடு பகிர்ந்திருந்த முதலிடம் அவர் ஒருவர்க்கே உரியதாயிற்று. அவரும் 1990இலேயே இறந்துவிட்டவர்.

உயிரோடிருந்து கேட்பவர் நிலை வேறு. 2018 ஏப்ரல் 7 அன்று ஸ்டோக் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் டாட்டன்ஹாம் அணியின் எரிக்சன் பெயரில் எழுதப்பட்ட கோல், தம்மேல் பட்டே சென்றது என்றார் ஹாரி கேன். தம் மகள்மேல் ஆணையிட்டும் சொன்னார். மேல்முறையீட்டை ஆராய்ந்த பிரிமியர் லீக் குழு நான்கே நாளில் அதனை அவர்க்கு மாற்றியது. அவ்வாண்டு அதிகக் கோல் அடித்தவர் விருது எப்படியும் 32 கோல்களுடன் சாலாவுக்கே போயிற்று, கேனுக்கு 30. ஒரு கோலுக்காக மகள்மேல் ஆணையா என்று அன்று நாம் முகம் சுளித்ததுண்டு. பேட்டனோடின் கதையை அறிந்த பின்னர் அவ்வாறு தோன்றவில்லை.

2022 உலகக் கோப்பையில் ஆணைக்கும் இடமில்லை. உருகுவேக்கு எதிராகப் புரூனோ ஃபெர்னாண்டஸ் தூக்கியடித்த பந்து தம் தலையில் பட்டதாக ரொனால்டோ கொண்டாடினார். பந்துக்குள் வைத்திருந்த, நொடிக்கு 500 முறை அளவெடுக்கும் உணரியில் அத்தகைய தொடுகை எதுவும் பதிவாகவில்லை என்று அடிடாஸ் நிறுவனம் அறிவித்தது. கோல் ஃபெர்னாண்டசுக்கே நின்றது.

மான்டிவிடியோ ஆட்டத்திற்கு நேரே ஃபிஃபாவின் பட்டியலில் இன்று பேட்டனோடின் பெயர் மூன்று முறை வருகிறது. ஃப்ளோரியின் பெயர் அதில் இல்லை. கோன்சாலசின் மீதிருந்த பழியும் இல்லை.